மைக்ரோராப்டரின் கால் இறகை எந்தப் பக்கம் வரையறது?

தூரிகைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் சுவர் ஓவியம் வரையறவன். ஃப்ளெக்ஸ் வந்து போர்டு எழுதுற வேலையைத் தின்னதுக்கப்புறம் பள்ளிக்கூடச் சுவருங்கதான் சோறு போடுது. இப்ப ஒரு நடுநிலைப் பள்ளியில டைனோசர் சுவர் ஓடிட்டிருக்கு. கழுத்து நீண்டது, கொம்பு வச்சது, பெரிய பல்லுக்காரர் எல்லாம் முடிஞ்சாச்சு. அறிவியல் ரூம் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல நாலடி அகலத்துல ஒரு துண்டு மிச்சம் இருக்கு. அதுல ஒண்ணையாவது நிஜ அளவுலயே வரைஞ்சு காட்டணும்னு ஆசை. தேடினப்ப மைக்ரோராப்டர் மாட்டுச்சு. காக்கா சைஸ் உடம்பு, நீள வால், கையிலயும் இறக்கை, கால்லயும் இறக்கை. புள்ளைங்க பக்கத்துல நின்னு அளந்து பாக்கலாம்.

சிக்கல் என்னன்னா, நெட்ல கிடைக்கிற படம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை. ஒருத்தர் கை கால் நாலையும் பக்கவாட்டுல பப்பரப்பேன்னு விரிச்சுப் பறக்க விட்டிருக்காரு. இன்னொருத்தர் காலைக் கீழ தொங்கவிட்டிருக்காரு. கிளையில உட்கார வச்சா, கணுக்காலுக்குக் கீழ இருக்கிற அந்த நீள இறகெல்லாம் எங்க போகும்? நிறம் கறுப்புல நீல மினுமினுப்புன்னு எல்லாருமே போடுறாங்க, அதை யாரு போய்ப் பாத்தாங்க? ஹெட்மாஸ்டர் வாயில ஏதாவது இரை இருக்கணும்ங்கறாரு. எலியா, மீனா, பறவையா? பின்னாடி பகலா, ராத்திரியா? எனாமல் டப்பாவைத் திறந்துட்டா கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாரு, அதான் வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்கறேன்.

சந்தேகப்பிராணி

என்ன கலர் வேணும்னாலும் அடிங்க நண்பரே, யாரும் வந்து கேஸ் போடப் போறதில்லை. 12 கோடி வருஷத்துக்கு முன்னாடி செத்ததோட கலரு இவங்களுக்கு எப்படித் தெரியும்? அதுவும் சீனாவுல இது கிடைக்கிற ஏரியா புதைபடிவத்துல ஒட்டுப்போட்டு வித்தது நிறைய. ரெண்டு பிராணியை ஒண்ணா ஒட்டி, ஒரு பெரிய பத்திரிகையே ஏமாந்து அட்டகாசமா செய்தி போட்டுச்சே, மறந்துட்டீங்களா?

விலங்கியல் டீச்சர்

மறக்கவில்லை, தம்பி. அந்த ஒட்டுப்போட்ட கதையில்தான் மைக்ரோராப்டரே வருகிறது. அதை முதலில் முடித்துவிட்டு ஓவியர் தம்பியிடம் போகிறேன்.

சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலிருந்து கடத்தப்பட்ட ஒரு கல் அமெரிக்காவில் அரிசோனாவின் டூசான் ரத்தினக் கல் சந்தையில் விலை போனது. பறவையின் முன்னுடம்பு, டைனோசரின் வால். நேஷனல் ஜியோகிராஃபிக் 1999 நவம்பர் இதழில் ‘ஆர்க்கியோராப்டர்’ என்று பெயரிட்டு அதை வெளியிட்டது. அடுத்த மாதமே பெய்ஜிங்கில் ஷூ ஷிங் என்ற ஆய்வாளர் வேறொரு கல்லைப் பார்க்கிறார். இந்த மாதிரிப் பாறையைப் பிளந்தால் எலும்பு ஒரு பாதியிலும் அச்சு மறு பாதியிலுமாக இரண்டாகப் பிரியும். அவர் கையில் இருந்த கல்லின் வாலும் அமெரிக்காவுக்குப் போன வாலும் அப்படிப் பிரிந்த இரு பாதிகள். இங்கே வாலோடு சேர்ந்திருந்ததோ பறவை அல்ல, ஒரு குட்டி வேட்டை டைனோசர். வேலை முடிந்தது. மோசடியை அம்பலப்படுத்திய அந்தக் கல்லுக்குத்தான் 2000ஆம் ஆண்டில் மைக்ரோராப்டர் ஜாவோயானஸ் என்று பெயர் வைத்தார்கள். முன்னுடம்பு யானோர்னிஸ் என்ற பறவையுடையது என்று 2002இல் தெரிந்தது. ஆக, ஒட்டுப்போட்டது உண்மை. ஒட்டைப் பிரித்ததும் இதே துறைதான். அதன் பிறகு இந்தப் பிராணியின் புதைபடிவங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துவிட்டன. ஒரு கல் பொய் என்பதற்காக எல்லாக் கல்லையும் தள்ள முடியாது.

இனி நிறம். இறகில் நிறமியை அடக்கிய நுண்ணிய பொதிகள் உண்டு, மெலனோசோம் என்பார்கள். நல்ல புதைபடிவத்தில் அவற்றின் வடிவம் அப்படியே நிற்கிறது. பெய்ஜிங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு மைக்ரோராப்டரின் உடம்பில் பல இடங்களிலிருந்து துணுக்கு எடுத்து, இன்று வாழும் பறவைகளின் இறகோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2012இல் வந்தது. பொதிகள் நீளமாக, ஒல்லியாக, அடுக்கடுக்காகக் கிடந்தன. மினுமினுக்கும் கறுப்பு இறகுள்ள பறவைகளில்தான் அந்த ஒழுங்கு இருக்கிறது. வெயிலில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் கறுப்பு. நீலமா, பச்சையா, ஊதாவா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அப்படி. தலையில் சிவப்புக் கொண்டையும் மார்பில் மஞ்சள் பட்டையும் போட்டால் நான் வந்து சுண்ணாம்பு அடிப்பேன்.

கால் விஷயத்துக்கு வருகிறேன். 2003இல் ஷூ ஷிங் குழு மைக்ரோராப்டர் குய் என்ற இனத்தை அறிவித்தபோது உலகமே வாயைப் பிளந்தது. கையில் இருப்பது போலவே பாதத்திலும் தண்டு, விசிறியெல்லாம் வைத்த முழு இறகுகள். அதிலும் தண்டின் ஒரு பக்கம் குறுகல், மறு பக்கம் அகலம். காற்றைக் கிழிக்கிற இறகுக்குத்தான் அந்த அமைப்பு வரும், அலங்காரத்துக்கு வராது. வில்லியம் பீப் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் 1915லேயே ‘பறவைகளின் முன்னோருக்கு நான்கு இறக்கை இருந்திருக்கும்’ என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் காலத்தில் மைக்ரோராப்டர் கல் ஒன்றுகூடக் கிடைத்திருக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் வியப்பு அதுதான்.

நீங்கள் பார்த்த ‘பப்பரப்பே’ படம் அந்த 2003 கட்டுரையின் வழி வந்தது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. டைனோசரின் தொடையெலும்புத் தலை உள்பக்கமாகத் திரும்பி இடுப்புக் குழிக்குள் செருகி நிற்கும். காலை நேர் பக்கவாட்டில் முழுக்க விரித்தால் மூட்டு கழன்றுவிடும். விரித்த கால் ஆதரவாளர்கள் சும்மா இருக்கவில்லை. 2010இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் மாதிரி செய்து கவணில் வைத்து எறிந்து பார்த்து, விரித்த காலோடு அருமையாக மிதக்கிறது என்றார்கள். மிதக்கும், மறுக்கவில்லை. அட்டையை வெட்டி எறிந்தாலும் மிதக்கும். இடுப்பு இடம் கொடுக்குமா என்பதுதானே கேள்வி? கல்லில் எலும்பெல்லாம் நசுங்கித் தட்டையாகக் கிடப்பதால் ஆளுக்கு ஒரு கோணம் சொல்ல வசதியாகப் போய்விட்டது.

டெக்சாஸில் இருக்கும் நம் நாட்டுக்காரர் சங்கர் சாட்டர்ஜி 2007இல் வேறு வழி சொன்னார். காலை உடம்புக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டால் மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, பழைய இரண்டடுக்கு விமானத்தின் ஏற்பாடு. 2013இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இறகு வைத்த முழு அளவு மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திப் பார்த்தவர்கள், ‘காலை எப்படி வைத்தாலும் சறுக்கலில் பெரிய வித்தியாசம் இல்லை’ என்று சண்டையில் தண்ணீர் ஊற்றினார்கள். எனவே தம்பி, இடுப்பு அனுமதிப்பதை வரையுங்கள். தொடை கீழ்நோக்கி, சற்றே வெளிப்பக்கம் விலகி, முழங்கால் மடங்கி இருக்கட்டும். பாத இறகு பின்னாலும் வெளியிலுமாகப் போகட்டும்.

அளவு: மூக்கிலிருந்து வால் எலும்பு நுனிவரை 77 செ.மீ. இருக்கும் ஒரு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டரை அடி. அதில் பாதிக்கு மேல் வால். இறக்கை விரிப்பு மூன்றடியை ஒட்டி வரும். எடை ஒரு கிலோவைத் தாண்டாது. உங்கள் நாலடிச் சுவரில் தாராளமாக உட்காரும்.

இரைக்குப் பஞ்சமே இல்லை. வயிற்றுக்குள் இருந்தது என்ன என்று இவ்வளவு தெரிந்த குட்டி டைனோசர் வேறு இல்லை. 2011இல் ஒன்றின் வயிற்றில் மரத்தில் வாழும் பறவை. 2013இல் இன்னொன்றில் மீன். 2019இல் ஒரு முழுப் பல்லி, தலை முதலில் உள்ளே போயிருக்கிறது. 2022இல் ஒரு பாலூட்டியின் வலது பாதம், ஒரு செ.மீ. அளவுதான். அந்தப் பாதம் எந்தக் கல்லில் இருந்தது தெரியுமா? மேலே சொன்னேனே, ஷூ ஷிங் வாலைப் பொருத்திப் பார்த்த அதே கல். விலா எலும்புகளுக்கு நடுவில் இருபது வருடங்களுக்கு மேல் எல்லார் கண்ணுக்கும் முன்னால் கிடந்திருக்கிறது.

பல்லியையே வையுங்கள் என்பேன். அது அறிவியலுக்குப் புது இனம். இந்திராசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். விருத்திராசுரன் இந்திரனை விழுங்கிய கதையை நினைத்து வைத்த பெயர். மகாபாரதத்தில் தேவர்கள் விருத்திரனைக் கொட்டாவி விட வைத்து இந்திரனை வெளியே எடுத்துவிடுவார்கள். இந்தப் பல்லிக்கு அந்த யோகம் இல்லை. வரையும்போது தலை வாய்க்குள்ளும் வால் வெளியிலுமாக இருக்க வேண்டும். குறுக்காகக் கவ்விய மாதிரி வரைந்தால் படம் அழகாக இருக்கும், ஆனால் கல்லில் இருப்பது அதுவல்ல.

பகலா இரவா என்பதில் சான்றுகளே சண்டை போடுகின்றன. கண்ணைச் சுற்றி ஓர் எலும்பு வளையம் உண்டு. 2011இல் அதை அளந்தவர்கள் இரவாடி என்றார்கள். மறு வருடம் நிறத்தைக் கண்டுபிடித்தவர்கள், மினுமினுக்கும் பறவைகள் பெரும்பாலும் பகலில் திரிபவை ஆயிற்றே என்று இடித்தார்கள். நானாக இருந்தால் வெயில் சாயும் நேரத்தைப் போடுவேன். மினுமினுப்பைக் காட்ட உங்களுக்கும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும்.

சந்தேகப்பிராணி

டீச்சர், கரிச்சான் கறுப்புன்னா ஒத்துக்கறேன். ஆனா ஒரு கல்லுல பாத்த நிறத்தை எல்லாத்துக்கும் போடலாமா? ஆண் குயில் கறுப்பு, பெண் குயில் புள்ளி. அப்புறம், இது பறந்துச்சா, சறுக்குச்சா? அதைச் சொல்லாமலே தாண்டிட்டீங்க.

விலங்கியல் டீச்சர்

முதல் கேள்வி நல்ல கேள்வி. நிறம் பார்த்தது ஒரே ஒரு உடம்பில்தான். ஆணா பெண்ணா என்று அந்த எலும்பு சொல்லவில்லை. சுவரில் இருக்கப்போவதும் ஒன்றே ஒன்றுதானே, அந்த ஒன்றை அந்தக் கல்லாகவே வைத்துக்கொள்ளலாம்.

பறந்ததா என்பதற்கு: மார்பெலும்பு அகலமாக இருக்கிறது, ஆனால் பறக்கும் பறவைக்கு நடுவில் எழும்பி நிற்கும் முகடு இல்லை. அதனால் பருந்து மாதிரி மணிக்கணக்கில் சிறகடித்திருக்காது. 2020இல் பல இனங்களின் இறக்கைப் பரப்பையும் எடையையும் கணக்குப் போட்டுப் பார்த்ததில், சொந்த பலத்தில் பறக்கக்கூடிய எல்லைக்குள் மைக்ரோராப்டர் வந்துவிட்டது. மரத்துக்கு மரம், கொஞ்சம் அடித்து, மீதி சறுக்கி. நான் அப்படித்தான் நினைக்கிறேன். இறகு உதிர்வதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு, அதை நம் டாக்டர் வந்தால் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கோழி வைத்தியர்

வந்துவிட்டேன் டீச்சர். கோழி, புறா, கிளி பார்க்கும் கால்நடை மருத்துவன் நான். டைனோசர் யாரும் இன்னும் கூட்டிக்கொண்டு வரவில்லை.

பறவைகள் பழைய இறகை உதிர்த்துப் புதிது வளர்க்கும். வாத்து இனங்களில் பெரும்பாலானவை பறக்கும் இறகுகள் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டிவிட்டுச் சில வாரங்கள் பறக்காமல் தண்ணீரிலேயே கிடக்கும். காக்கைக்கு அது கட்டாது. அது ஒவ்வொன்றாக, இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் உதிர்க்கும். தினமும் பறந்தாக வேண்டிய பறவைகளின் வழக்கம் இது. 2020இல் ஒரு மைக்ரோராப்டரின் இறக்கையில் இந்த இரண்டாவது வகை உதிர்வைக் கண்டார்கள். வரிசை நடுவில் ஓர் இடைவெளி, அதில் பாதி வளர்ந்த புது இறகு. பறப்பதைச் சில வாரம்கூடத் தள்ளிவைக்க முடியாத பிழைப்பு அதற்கு இருந்திருக்கிறது. ஓவியர் அந்த இடைவெளியை வரைந்தால் கல்லுக்கு ரொம்ப நேர்மையான படமாக இருக்கும்.

கால் இறகுக்கு நீங்கள் லியாவோனிங் போக வேண்டாம், புறா வளர்ப்பவர் வீட்டு மாடிக்குப் போனால் போதும். கால் முழுக்க இறகு முளைத்த புறா வகைகள் வைத்திருப்பார்கள். மைக்ரோராப்டரோடு அதற்கு நேரடிப் பரம்பரைத் தொடர்பு கிடையாது, தனியாக வந்த குணம். ஆனால் விஷயம் சுவையானது. அந்தப் புறாக்களில், கையை உருவாக்கும் வேலைக்கு உரிய டிபிஎக்ஸ்5 என்ற மரபணு காலிலும் கொஞ்சம் வேலை செய்கிறது. காலுக்கு உரிய பிடிஎக்ஸ்1 மட்டுப்பட்டிருக்கிறது. அதாவது கால் பாதி இறக்கையாகப் பார்க்கிறது. 2016இல் வெளியான ஆய்வு.

வரைவதற்குப் பயன்படும் செய்தி: அந்தப் புறா உட்கார்ந்தால் கால் இறகுகள் காலின் வெளிப்பக்கமாகப் படுத்துப் பின்னால் சாயும். உள்பக்கம் வராது, வந்தால் தன் இறகைத் தானே மிதிக்கும். தரையில் நடக்க விட்டால் நுனியெல்லாம் அழுக்கேறி ஒடிந்துவிடும், வளர்ப்பவர்கள் இதற்காகவே தரையைக் காய்ந்தபடி வைத்திருப்பார்கள். மைக்ரோராப்டரின் பாத இறகு இதைவிட நீளம். எனவே கிளையில் உட்கார வையுங்கள், தரையில் ஓட விடாதீர்கள்.

தூரிகைக்காரன்

டீச்சர், டாக்டர், ரெண்டு பேருக்கும் கும்பிடு. சந்தேகப்பிராணி அண்ணே, நீங்க கிளறலைன்னா பாதி விஷயம் வந்திருக்காது.

இன்னைக்குச் சாக்பீஸ்ல கோடு போட்டுட்டேன். குறுக்கால ஒரு கிளை, அதுல உட்கார்ந்திருக்கு, வாயில பல்லி, வலது இறக்கை பாதி விரிஞ்சது, அதுல ரெண்டாவது விரல் வரிசையில ஓர் இறகு குட்டை. மினுமினுப்புக்கு முதல்ல மேட் கறுப்பு அடிச்சு, காஞ்சதும் வெளிச்சம் படுற ஓரத்துல மட்டும் நீலத்தைத் துணியால ஒத்தி எடுக்கலாம்னு இருக்கேன். முழுக்க பளபளன்னு அடிச்சா கார் மாதிரி ஆயிடும்.

மாட்டிக்கிட்டது கைவிரல்ல. இறக்கை போக விரல் வெளியே தெரியுமா? அப்புறம் வாலு வெறும் குச்சியா, இறகு உண்டா? பின்னாடி புல்வெளி போடலாமா, ஹெட்மாஸ்டருக்குப் பச்சை வேணுமாம்.

விலங்கியல் டீச்சர்

விரல் மூன்று, மூன்றிலும் நகம் உண்டு. பெரிய இறகுகள் ஊன்றியிருப்பது நடு விரலில், அதாவது நீளமான இரண்டாவது விரலில். மூன்றாவது விரல் அதை ஒட்டியபடி இறகுக்குள் மறைந்திருக்கும், முதல் விரல் தனியே தெரியும். எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில்: உள்ளங்கை தரையைப் பார்க்காது. இரண்டு உள்ளங்கையும் ஒன்றையொன்று பார்க்கும். மணிக்கட்டு பக்கவாட்டில்தான் மடங்கும். முயல் நிற்கிற பாணியில் கையைத் தொங்கவிட்டால் அது சினிமா டைனோசர்.

வால் குச்சிதான், ஆனால் சும்மா குச்சி இல்லை. முதுகெலும்புக் கண்ணிகளிலிருந்து மெல்லிய எலும்புக் கம்பிகள் நீண்டு, பக்கத்துக் கண்ணிகளைத் தாண்டிப் போய்க் கட்டி வைத்திருக்கும். உடம்பை ஒட்டிய அடிப்பகுதியில் மட்டும் நன்றாக வளையும், மற்ற இடம் விறைப்பு. எனவே பூனை வால் மாதிரி சுருட்டாதீர்கள். நுனியில் இறகு விசிறி இருக்கிறது. நிறம் பார்த்த அந்தக் கல்லில் விசிறிக்கு நடுவிலிருந்து இரண்டு இறகுகள் மட்டும் தனியே நீண்டு போகின்றன. இணையைக் கவர்வதற்கு இருக்கலாம் என்று சொன்னார்கள். பல பழைய படங்களில் இது இருக்காது, நீங்கள் போடுங்கள்.

பாதத்தில் இரண்டாவது விரலின் அரிவாள் நகத்தை மறக்க வேண்டாம். உட்காரும்போது மற்ற விரல்கள் கிளையைத் தொட, அது மேலே தூக்கி நிற்கட்டும். இரையை அழுத்திப் பிடிக்க அது உதவியிருக்கும், வயிற்றைக் கிழிக்க அல்ல. வாயில் பல் உண்டு, சின்னப் பல். பின் விளிம்பில் மட்டும் ரம்பம் இருக்கும், அதை உங்கள் சுவரில் யாரும் பார்க்கப் போவதில்லை, விட்டுவிடுங்கள்.

புல் வேண்டாம்! அந்தக் காட்டில் புல்வெளி கிடையாது. பச்சைக்கு வழி இருக்கிறது: ஊசியிலை மரங்கள், ஜிங்கோ, கீழே பெரணி. தூரத்தில் ஏரி, அதற்கும் பின்னால் புகையும் எரிமலை. அந்த எரிமலைச் சாம்பல் ஏரியடியில் படிந்துதான் இறகுவரைக்கும் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது, ஆகவே அது வெறும் பின்னணி இல்லை. வானத்தில் ஏதாவது பறக்க வேண்டும் என்றால் கன்ஃபூசியஸோர்னிஸ் போடலாம், அலகு உண்டு, பல் இல்லை. கிளி மூக்குள்ள சிட்டகோசாரஸ் ஒன்றைக் கீழே தண்ணீர் குடிக்க விடுங்கள்.

சந்தேகப்பிராணி

புல்லு இல்லாத காட்டை ஹெட்மாஸ்டர் ஒத்துக்குவாரா?

தூரிகைக்காரன்

பெரணியை நெருக்கி அடிச்சா தூரத்துல புல்லு மாதிரிதான் தெரியும் அண்ணே, அவருக்குப் பச்சை, டீச்சருக்குப் பெரணி. வால்ல ரெண்டு இறகு சேர்த்ததுல ஜன்னல் சட்டத்தைத் தொட்டுடுச்சு, அதனால மொத்தத்தையும் அரையடி இடது பக்கம் நகர்த்திக் கோடு போடணும். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறதுக்குள்ள கறுப்பு அடிச்சுடுவேன். படம் போடுறேன், தப்பு இருந்தா எனாமல் காயறதுக்கு முன்னாடி சொல்லுங்க.